இல்லாத தலைவலி

போன மாதம் ஒரு இன்டர்வியூவுக்காக எம்சி எடுத்தேன். ஷா ஆலமில் ஒரு கிளினிக்கில் போய், "தலைவலி டாக்டர்" என்றேன். தலைவலி இல்லை, இருந்தது பாஸ் மட்டும்தான். சோதிக்காத இயந்திரத்தைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்பவர். மறுத்தால் எல்லார் முன்னாலும் கத்துவார். நான் போடவில்லை, அந்தப் பெருமை வேறு எனக்கு. இப்படிப்பட்டவரிடம் ஒரு பொய் சொன்னால்தான் என்ன?

மறுநாள், என் வேலையையும் சேர்த்து இரவு பத்து மணி வரை பார்த்த ஜூனியர் தம்பி கேட்டான்: "அண்ணே, தலைவலி பரவால்லையா?" பாஸ் கேட்கவே இல்லை.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், புதிதாகச் சேர்ந்தவருக்கும் வருடத்துக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு தருகிறது. அது உடம்புக்கானது. வேறு வேலை தேடுவதை பாஸிடம் சொல்லும் கடமை எனக்கில்லை. போகும்போது நோட்டீஸ் கொடுத்தால் போதும். ஆனால் சொல்லாமல் இருப்பது வேறு, இல்லாததைச் சொல்வது வேறு. நடக்காத சோதனைக்கு அவர் என்னிடம் கையெழுத்துக் கேட்டார். இல்லாத தலைவலிக்கு நான் டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அடுத்த இன்டர்வியூவுக்கு ஆண்டு விடுப்பு போட்டேன். காரணம், 'சொந்த வேலை'. தம்பிக்கு முன்கூட்டியே சொல்லி, என் வேலையை முடித்து வைத்துவிட்டுப் போனேன்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. தம்பியின் முகத்தை மட்டும் இப்போது நேராகப் பார்க்க முடிகிறது.