ஒரு டிகிரி

கத்திரி வெயில் நாட்கள். இரவு பத்தரை. செங்கத்தில் ஒரு மாடி அறை.

பகல் வெயில் முழுக்கத் தளத்தில் ஏறியிருக்கிறது. இப்போதுதான் இறங்குகிறது. மல்லாந்து படுத்தால் நெற்றியில் அதன் கனம்.



ஏசி விழிக்கிறது. சின்னதாக ஒரு பீப். பச்சையில் 24.

இந்த எண்ணை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏசிகளின் தொடக்க எண் 24 ஆக இருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் விதி. டெல்லியில் எழுதியது, செங்கத்தில் சுவரில் எரிகிறது.

என் விரல் 20-க்குப் போகிறது.

கொஞ்ச நேரம். இருட்டில் இன்னொரு விரல். 26.

யாரும் எதுவும் சொல்வதில்லை.



அறையில் கூட இருப்பவன் ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பையன். மலைக்காரனுக்குக் குளிர் என்ன புதுசா என்று தோன்றும். அவன்தான் போர்த்திக்கொள்கிறான். தலைக்குத் துண்டு, காதை மூடி, கழுத்தில் ஒரு முடிச்சு.

மலையில் குளிருக்கு அடுப்பு உண்டு, கம்பளி உண்டு. கதவைச் சாத்தலாம். காசு கொடுத்து யாரும் குளிரை வீட்டுக்குள் விடுவதில்லை.

நான் சமவெளி. பாறைச் சூட்டில் வளர்ந்த உடம்பு. இன்னும் சூடு பழகவில்லை.



முதுகில் பனியன் ஒட்டுகிறது. பிறகு ஒட்டவில்லை. எப்போது உலர்ந்தது என்று பார்க்கத் தவறுகிறது கவனம்.



வெளியே கம்ப்ரசர் நிற்கிறது. அறை திடீரென்று பெரிதாகிறது.

தெருவில் ஒரு லாரி கியர் மாற்றுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறதோ, திருவண்ணாமலைப் பக்கமோ.

கம்ப்ரசர் மறுபடி.



16 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று கை நம்புகிறது. பழைய வகை கம்ப்ரசர் 16-க்கும் 24-க்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். நிற்கும் இடம்தான் வேறு. தெரியும். ஆனாலும் கை நம்புகிறது.



சூட்டை அளக்கிற உணரி பெட்டிக்குள்ளே, சுவரில், தலைக்கு மேலே. அது அங்கிருக்கும் காற்றை அளக்கிறது. தரையில் பாயில் கிடக்கும் இரண்டு முதுகுகள் அதன் கணக்கில் இல்லை.



டென்மார்க்கில் ஃபேங்கர் என்று ஒருவர். மூடிய அறையில் கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து, சூடா குளிரா என்று கேட்டுக் கேட்டுக் குறித்ததிலிருந்து ஒரு சமன்பாடு செய்தார். 1970-இல் புத்தகமாக வந்தது. உலகத்து அலுவலகங்களின் குளிர் இன்றும் பெரும்பாலும் அந்த வழிக் கணக்குதான்.

காற்றின் சூடு. சுவரின் சூடு. காற்றோட்டம். ஈரப்பதம். உடுத்திய துணி. உடம்பு செய்யும் வேலை. ஆறும் சேர்ந்துதான் ஒருவருக்கு இதம்.

ரிமோட்டில் நாங்கள் மாற்றுவது ஒன்றைத்தான்.

ஆறையும் சரியாக வைத்தாலும் நூற்றில் ஐந்து பேருக்குப் பிடிக்காது. அவருடைய கணக்கே அப்படித்தான் முடிகிறது.

இந்த அறையில் இரண்டு பேர்.



"கொஞ்சம் ஏத்தி வச்சுக்கலாமாண்ணா?"

குரலில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. தூக்கம் மட்டும்.

ம் என்கிறேன். சம்மதமா என்று எனக்கே நிச்சயமில்லை.



27. கூடவே மின்விசிறி இரண்டில்.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வேர்வையை எடுத்துப் போகிறது, அவ்வளவுதான். எனக்கு அது போதும்போல் இருக்கிறது. அவனுக்கு அந்தக் காற்றேதான் ஆகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறான். துண்டின் முடிச்சு இறுகுகிறது.

மூச்சு மட்டும் வருகிறது. ஒன்று நீளம், ஒன்று குட்டை.



2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் சொன்னார்: புதிய ஏசிகளை 20-க்கும் 28-க்கும் இடையில் கட்டிவைக்கப் போகிறார்களாம்.

எங்கள் சண்டை முழுவதும் அந்த எட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.



இந்தப் பக்கத்தில் ஆநிரைக்காகச் செத்தவர்களுக்குக் கல் நிற்கிறது. வில்லும் வாளுமாக, எழுத்தோடு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் தொகுத்து 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டிருக்கிறது. ரிமோட்டுக்காகப் புரண்டு படுக்கிறவர்களுக்கு அப்படி ஏதும் கிடையாது. நல்லதுதான்.



நள்ளிரவு தாண்டி கரண்ட் போகிறது.

எழுந்து ஜன்னலைத் திறக்கிறான். மலைப் பக்கத்து ஜன்னல். ராத்திரியில் மலை முதலில் ஆறுகிறது. ஆறிய காற்று கனத்துக் கீழே வருகிறது. செய்யாறு தோன்றுவதும் அந்த மலையில்தான். இப்போது ஆற்றில் மணல். காற்று மட்டும் இறங்குகிறது.

வருகிறதா, இல்லையா. கையில் இருக்கும் மயிர் மெல்ல நிமிர்கிறது.

துண்டை அவிழ்க்கிறான். இந்தக் குளிர் அவனுக்குப் பரவாயில்லை. எனக்கு இது போதவில்லை.

இரண்டு பேரும் விழித்திருக்கிறோம். பேச்சு இல்லை.



கரண்ட் வருகிறது. பீப். ஜன்னலைச் சாத்துவதா வேண்டாமா. கொஞ்ச நேரம் இரண்டும் நடக்கிறது: ஏசி ஓடுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது.

வீண் என்று ஒரு நினைப்பு. அது வந்து, போகிறது.



இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் கணக்கு. இலவச யூனிட்டுகள் கீழ் வீட்டுக்கு. மாடிக்குத் தனியாக ஒரு சின்ன மீட்டர். அதில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு.

வருகிற தொகையைப் பாதி பாதியாகப் போடுகிறோம். குளிர் வேண்டாதவனும் பாதி. இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவன் நோட்டுகளை எண்ணி, ரப்பர் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போயிருக்கிறான்.



ரிமோட்டில் பேட்டரி தீர்கிறது. இரண்டு தரம் அழுத்தினால்தான் ஒரு டிகிரி. கடையில் கேட்டு வாங்க வேண்டும், சின்ன சைஸ், ஒரு ஜோடி.