கட்டிய வீட்டில் சிறு குறைகள்: எதைக் கேட்டு வாங்குவது? எதை விட்டுக் கொடுப்பது?

 



தங்கும் இல்லத்தை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாகச் சூரா அந்நஹ்லில் எடுத்துச் சொல்கிறான். நம் திருத்தணி வட்டாரத்தில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்றால் பெரும்பாலும் அது ஆயுள்காலச் சேமிப்பு. மனைவியின் நகை, வளைகுடாவில் இருக்கும் மகனின் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். அப்படிக் கட்டிய வீட்டில் குடிபுகும் நேரத்தில் கண்ணுக்குப் படுகிறது: ஒரு டைல்ஸ் மேலே, ஒன்று கீழே. சுவிட்ச் பெட்டி சற்றே சாய்ந்திருக்கிறது. பூச்சில் முடி போன்ற விரிசல். குளியலறைத் தண்ணீர் மூலையில் தேங்குகிறது.

இப்போது இரண்டு விதமான மனிதர்களைப் பார்க்கிறோம். ஒருவர் மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் உடைத்துப் போடச் சொல்லி, கடைசித் தவணையையும் நிறுத்திவிடுகிறார். இன்னொருவர் கூச்சத்தில் வாயைத் திறப்பதில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளியிடமும் பத்து வருடம் அந்த மேஸ்திரியைப் பற்றிப் புறம் பேசுகிறார். முதலாமவர் அநீதியில் விழலாம். இரண்டாமவர் கீபத்தில் விழுந்தேவிட்டார். மார்க்கம் காட்டும் வழி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கஃபாவிலேயே விடப்பட்ட குறை

நபித்துவத்திற்கு முன்பு குறைஷியர் கஃபாவைப் புதுப்பித்துக் கட்டினார்கள். தூய்மையான சம்பாத்தியத்தை மட்டுமே அதற்குச் செலவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள், பணம் போதவில்லை. அதனால் இப்ராஹீம் (அலை) அவர்கள் போட்ட அஸ்திவாரத்தின் ஒரு பகுதியைக் கட்டிடத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள். அதுதான் இன்று நாம் ஹிஜ்ர், ஹதீம் என்று சொல்லும் இடம்.

ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. கஃபாவைத் திருத்திக் கட்டும் முழு அதிகாரமும் நபி (ஸல்) அவர்களின் கையில் இருந்தது. ஆனால் கட்டவில்லை. ஏன் என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அந்த மக்கள் இஸ்லாத்திற்குப் புதியவர்கள். இடித்துக் கட்டினால் அவர்களின் உள்ளம் கலங்கும் என்று அஞ்சியே விட்டுவிட்டதாகக் கூறினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி வருகிறது.

பின்னாளில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரையும் சேர்த்துக் கட்டினார்கள். அவர்கள் ஷஹீதான பிறகு ஹஜ்ஜாஜ் அதைப் பழைய வடிவுக்கே மாற்றினார். மீண்டும் திருத்தலாமா என்று ஒரு கலீஃபா கேட்டபோது, இறையில்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடக் கூடாது என்று இமாம் மாலிக் (ரஹ்) தடுத்தார்கள்.

சகோதரர்களே, கவனியுங்கள். பூமியின் மிகச் சிறந்த கட்டிடத்தில், திருத்த முடிந்த ஒரு குறை, மனித உள்ளங்களுக்காக விடப்பட்டது. ஆனால் குறையே இல்லை என்று மறைக்கப்படவில்லை. தவாஃப் கெடாமல் இருக்க ஹிஜ்ரையும் உள்ளடக்கியே நாம் சுற்றுகிறோம். கடமை எங்கே பாதிக்குமோ அங்கே விட்டுக் கொடுத்தல் இல்லை. அடையாளம் மட்டும் எங்கே பாதிக்குமோ அங்கே பொறுமை.

எது பாதிக்கும்?

தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த அடிப்படை. அதை வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள்.

தூணில் ஜல்லி தெரியும்படி ஓட்டை ஓட்டையாக இருந்தால், கம்பி வெளியே தெரிந்தால், எர்த் சரியாக இல்லையென்றால், மாடியில் வாட்டம் இல்லாமல் தண்ணீர் நின்றால், நம் சுவரின் கழிவுநீர் பக்கத்து வீட்டில் இறங்கினால், இவை சிறு குறைகள் அல்ல. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 உயிர்கள் போயின. அதில் பலர் கூலி வேலைக்கு வந்தவர்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் "பரவாயில்லை, விடுங்கள்" என்பது பெருந்தன்மை ஆகாது. அங்கே கட்டாயம் கேளுங்கள். பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

விரிசல் எந்த வகை என்று தெரியவில்லையா? அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் காட்டுங்கள். வளராத முடி விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருவது. பெயிண்ட் வேலையில் மறைந்துவிடும்.

நிறம் ஒரு சாயல் மாறியது, டைல்ஸ் கோடு நூலளவு விலகியது போன்றவை கண்ணை உறுத்துபவை, யாரையும் காயப்படுத்தாதவை. விற்கும்போதும் வாங்கும்போதும் தன் உரிமையைக் கேட்கும்போதும் தாராளமாக நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் அருளை வேண்டியிருக்கிறார்கள். அந்த துஆ வேண்டுமென்றால் இதுதான் இடம்.

யாருடைய குறை?

சூரா முதஃப்பிஃபீன் தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்கிறது. மேஸ்திரியின் வேலையை ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்க்கிறோம். நம் பங்கை எதை வைத்துப் பார்க்கிறோம்?

கூலிக்கு மட்டும் பேசிக் கட்டும் வீட்டில் பொருள் வாங்கியது நாம். விலை குறைவென்று வாங்கிய ஈர மரம் வளைந்து நிலைக்கதவு இழுத்தால் அது ஆசாரியின் தவறல்ல. கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456. தண்ணீர் விடும் பொறுப்பை நாம் ஏற்று, மூன்றாம் நாளே நிறுத்தியிருந்தால் விரிசலுக்கு யாரிடம் கேட்பது? ஆடிக் கிருத்திகைக்குத் தொழிலாளிகள் காவடி எடுக்கப் போகும் வாரத்தில் "வேலையை முடித்தே ஆக வேண்டும்" என்று நெருக்கி, அவசரத்தில் வந்த கோணலுக்கு அவரை மட்டும் குற்றம் சொல்வது நீதியா? அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் கூலி ஓர் அமானிதம். அதில் நம்முடைய நேர்மைதான் இஸ்லாத்தின் முகமாக அவர் கண்ணுக்குத் தெரியும்.

கூலியை ஆயுதமாக்காதீர்கள்

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுகிறான் என்பது புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸி. இரண்டாயிரம் ரூபாய் வேலை பாக்கி இருக்க, ஐம்பதாயிரத்தை நிறுத்தினால் மீதி நாற்பத்தெட்டாயிரம் சித்தாள்களின் வீட்டு அரிசி. குறைக்கு ஈடான தொகையை மட்டும் இருவரும் பேசி நிறுத்துங்கள். மற்றதை அன்றே கொடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் மூலம் ஆரம்பத்திலேயே எழுதிக் கொள்வது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்கிறது சூரா பகரா. என்ன அளவு, எந்தத் தரம், எத்தனை தவணை, குறை வந்தால் எத்தனை நாளில் சரி செய்வது என்று தமிழோ தெலுங்கோ அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். பதிவு செய்யப்பட்ட அடுக்குமாடித் திட்டங்களில் ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் காட்டப்படும் கட்டுமானக் குறையை 30 நாளுக்குள் செலவில்லாமல் சரி செய்ய வேண்டும். சொந்த மனையில் மேஸ்திரியிடம் கொடுத்துக் கட்டும் வீட்டுக்கு அது பொருந்தாது. அங்கே உங்கள் கையில் இருப்பது அந்தக் காகிதம்தான்.

குறையைத் தெரிந்தும் "இருக்கட்டும்" என்று ஏற்றுக் கொண்டால், அதே குறைக்காகப் பிறகு சண்டையிடும் உரிமை போய்விடுகிறது என்பது வியாபாரச் சட்டத்தில் ஃபுகஹாக்கள் சொன்னது. ஆகவே கேட்பதென்றால் இப்போதே, அவர் முகத்துக்கு நேரே, தனியாகக் கேளுங்கள். விடுவதென்றால் நாவாலும் விட்டுவிடுங்கள். நாளை அந்த வீட்டை விற்கும்போது மட்டும் வாங்குபவரிடம் அந்தக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மன்னிக்க நமக்கு உரிமை உண்டு. மறைக்க உரிமை இல்லை.

கட்டிட வேலை செய்யும் சகோதரர்களே!

மதீனாவில் மஸ்ஜித் கட்டும்போது தல்க் இப்னு அலீ (ரலி) மண் குழைத்த நேர்த்தியைப் பார்த்து, அந்த வேலையை அவரிடமே விடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். சேற்றைக் குழைத்த கை நபியின் பாராட்டைப் பெற்றது. பூச்சுக்குள் மறைவதை மனிதர் பார்க்க மாட்டார், அல்லாஹ் பார்க்கிறான்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக! கேட்க வேண்டியதை நீதியோடு கேட்கவும், விட வேண்டியதை மனதார விடவும், உழைத்தவரின் ஹக்கை உரிய நேரத்தில் கொடுக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.