சொல்லுக்கு என்ன கூலி?

1905இல் மன்னார்க் கரையில், மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்வோம். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மிஞ்சிய ஒன்றே மூழ்கியவருக்கும் படகுக்காரருக்கும். அநியாயப் பங்குதான். ஆயினும் அது கண்ணெதிரே எண்ணப்பட்டது. கரையிலேயே விற்கவும் முடிந்தது.

இன்று அதே கரையிலிருந்து இணைய இதழ்களுக்கு எழுதும் இளைஞனுக்கு அதுவுமில்லை. பேசாலைக்குப் போய், காற்றாலைகளைப் பற்றி மீனவரிடம் கேட்டறிந்து எழுதுகிறான்; கூலியோ சொல்லெண்ணிக் கொடுக்கப்படுகிறது. பஸ் கட்டணமும், காத்திருந்த பகலும், திருத்தி எழுதிய இரவும் அக்கணக்கில் வருவதில்லை. அவன் கட்டுரை ஈட்டித்தந்த விளம்பர வருவாய் எவ்வளவென்று அவனுக்குச் சொல்வாருமில்லை.

'சம்மதித்துத்தானே எழுதினான்?' என்பார்கள். வேறு வழியற்றவனின் சம்மதம் நியாயத்துக்கு அத்தாட்சியாகாது. கடலில் குதித்தவனும் சம்மதித்தே குதித்தான். துண்டுவேலைக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கலாம் என்பதை 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமே ஒப்புக்கொண்டது. எழுத்து மட்டும் ஏன் விலக்காக வேண்டும்? உழைத்த நாட்களுக்குக் கூலி, செலவுக்குத் தனிப்பணம், மறுபிரசுரத்துக்கு மறுபடியும் ஒரு பங்கு: நாம் கேட்பது இவ்வளவே. (முற்போக்குப் பேசும் சஞ்சிகைகள் சிலவும் ஓர் அன்பளிப்புப் பிரதியோடு கணக்கை முடித்துவிடுகின்றன, கோரிக்கை அவற்றுக்கும் சேர்த்துத்தான்.)