நீரில் பிரயாசை

முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருவன் பட்டாம்பூச்சி நீச்சல் கற்கத் தொடங்குவதற்கு உருப்படியான காரணம் எதுவும் சொல்ல முடியாது. அதைக்கொண்டு மூழ்குகிறவனைக் காப்பாற்ற முடியாது. ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் வேறு வகைகள் இருக்கின்றன. ஆளை வெகு சீக்கிரம் களைத்துப்போகச் செய்வதில் அதற்கு இணை இல்லை. ஆனாலும் பதினான்கு மாதங்களாக ஞாயிறுதோறும் வள்ளூரிலிருந்து ரயிலேறி நகரத்துக் குளம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போகிற வழியில், பிரயாசை தன்னளவிலேயே ஒரு நற்குணம் என்று நான் வெகுநாளாய் வைத்திருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நீந்த எனக்கு முன்பே தெரியும். பொன்னேரிப் பக்கத்தில் ஒரு பம்ப்செட் கிணற்றில், இடுப்பில் கயிறு கட்டி மாமா தள்ளிவிட்டுக் கற்றது. அங்கே நீச்சல் என்றால் சாகாமலிருப்பது. கைகால்களை எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு உயிர். பிற்பாடு என் மனத்தில் நீச்சல்காரர்களாக நின்றவர்களும் இதே வகையினர்தாம். 1971ல் பாக் நீரிணையைப் போய்த் திரும்பிக் கடந்து, 1984ல் ஆங்கிலக் கால்வாயில் உயிரை விட்ட வல்வெட்டித்துறை ஆனந்தன். 1994ல் சிறுவனாக அதே கால்வாயைக் கடந்த குற்றாலீஸ்வரன். விடாமல் அடித்துக்கொண்டே இருப்பது. நம் அறநெறியின் பிம்பமாக இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார், காலமறிதலுக்கும் ஒதுக்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நமக்கு அழுத்திச் சொல்லப்பட்டது முன்னது.

பட்டாம்பூச்சி நீச்சலின் பிறப்பே ஒரு விதிப்புத்தக விவகாரம் என்பது குமாஸ்தாவான எனக்குப் பிடித்திருக்கிறது. 1930களில் தவளை நீச்சலுக்கான விதி, இரு கைகளும் ஒருசேர முன்னால் செல்ல வேண்டும் என்றது. நீருக்குள்ளாகத்தான் செல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த மௌனத்தைப் பயன்படுத்திச் சிலர் கைகளை நீருக்கு மேலே வீசினார்கள். 1935 வாக்கில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆர்ம்ப்ரஸ்டர் என்ற பயிற்சியாளரும் ஜாக் சீக் என்ற மாணவரும், கால்களிரண்டையும் மீன்வாலாகச் சேர்த்து அடிக்கும் உதையை அதோடு இணைத்தார்கள். உதை விதிப்படி செல்லாது. கடைசியில் 1952ல் தனி வகையாகப் பிரித்துவிட்டார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தனிப் போட்டியாயிற்று. இலக்கிய வடிவங்கள் பிறப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அதற்குள் இப்போது போக வேண்டாம்.

கைகள் ஒரு சுற்று வருவதற்குள் கால்கள் இரண்டு முறை உதைக்க வேண்டும். கைகள் முன்னால் நீருக்குள் நுழையும்போது ஒன்று. நீரை இடுப்புவரை தள்ளி முடிக்கும்போது இன்னொன்று. இந்த இரண்டாவது உதையின் வேகத்தில்தான் கைகள் வெளியே வர வேண்டும். தோள்பலத்தால் தூக்கினால் நாலாவது வீச்சில் தோள் செத்துவிடும். மூச்சுக்காக எழும்பக் கூடாது. முகவாய் நீரை ஒட்டியே இருக்க வேண்டும், தலை கைகளுக்கு முன்பாக உள்ளே திரும்பிவிட வேண்டும். இதெல்லாம் முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும், படித்துவிட்டேன். முதல் ஐந்து மாதங்களில் நான்கு வீச்சுக்கு மேல் போக முடியவில்லை.

என் தவறு இன்ன இடத்தில் என்று கோச்சுக்கு உடனே தெரிந்துவிட்டது. கைகள் நீரில் நுழைந்தவுடன் இழுக்கத் தொடங்கிவிடுகிறேன். அங்கே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. கைகள் நீண்டு, மார்பு சற்றே அமிழ்ந்து, இடுப்பு மேலே வரும் நேரம். அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. "சார், இழுக்காதீங்க. கொஞ்சம் சும்மா இருங்க, தண்ணி தூக்கும்" என்றார். 'சும்மா இரு' என்பதற்கு நம் மரபிலுள்ள கனத்தையெல்லாம் உத்தேசித்து அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது அரை விநாடிக் கணக்கு. அதை ஆன்மீகமாக்கும் சபலத்தை நானும் கஷ்டப்பட்டுத் தவிர்த்தேன். ஆனால் அந்த அரை விநாடி என்னால் முடியவில்லை என்பது ஸ்தூலமான உண்மை. தண்ணீர் தூக்கும் என்பது புத்திக்குத் தெரிகிறது, உடம்பு நம்ப மறுக்கிறது. ஒன்றும் செய்யாதிருக்கும் கணத்தில் நான் இல்லாமல் போய்விடுவேனோ என்ற பீதி. பிரயாசை என்பது, நான் இருக்கிறேன் என்பதற்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் ரசீது என்று அப்போதுதான் பட்டது. வியர்த்தால் கணக்கில் வரவாகிவிட்டது என்ற எண்ணம். நீரிடம் இந்த ரசீது செல்லாது.

இன்னது என்று அறிவதும், எப்படி என்று அறிவதும் வேறு வேறு என்று 1949ல் கில்பர்ட் ரைல் எழுதினார். 1958ல் மைக்கேல் போலன்யி, நீச்சலையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். மிதப்பவன் மூச்சை முழுக்க வெளியே விடாமல் நுரையீரலில் வழக்கத்தைவிட அதிகக் காற்றை வைத்துக்கொள்கிறான், அதனால் மிதக்கிறான். ஆனால் இது அவனுக்கே தெரியாது என்றார். நான் இதற்கு நேர் எதிரான நிலையில் இருந்தேன். எல்லாம் தெரியும், மிதக்கவில்லை. விமர்சகனுக்கு இது பழகிய நிலைதானே என்று இதைப் படிக்கும் நண்பர்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு நண்பருடைய முதல் கவிதைத் தொகுப்புக்கு, இப்போது நின்றுவிட்ட ஒரு சிற்றேட்டில் மதிப்புரை எழுதினேன். 'இவர் இன்னும் உழைக்க வேண்டும்' என்று முடித்திருந்தேன். விமர்சன வாக்கியத்தின் தோற்றத்தில் எழுதப்பட்ட நன்னடத்தைச் சான்றிதழ் மறுப்பு அது. நண்பர் அதற்குப் பிறகு எதுவும் வெளியிடவில்லை. சென்ற மாதம் தொகுப்பை எடுத்து மறுபடி படித்தேன். அந்தக் கவிதைகளில் உழைப்புக் குறைவே இல்லை. ஒவ்வொரு வரியும் இழுத்துக்கொண்டே இருக்கிறது; ஒரு படிமம் உள்ளே நுழைந்த மறுகணம் அடுத்தது அதைப் பிடித்துத் தள்ளுகிறது. படிமம் தானாக எழும்புவதற்கு வேண்டிய அவகாசத்தை அவர் எங்கும் விடவில்லை. பதறிக் கையடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, கரையிலிருந்து நான் 'இன்னும் பலமாக அடி' என்று கத்தியிருக்கிறேன். கவிதையைப் பார்க்காமல் கவிஞனின் வியர்வையை அளந்ததால் நேர்ந்தது இது. நாம் பலரும் இதைச் செய்கிறோம். உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணிப் பார்க்கலாம், பாராட்டலாம், கண்டிக்கலாம். லயம் கூடியிருக்கிறதா என்று சொல்வதற்கு விமர்சகன் தன்னைப் பணயம் வைக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பின்பும் எனக்கு நிம்மதி இல்லை. வள்ளூர் அணைக்கட்டுக்குக் கீழே கொசஸ்தலை ஆறு எண்ணூர்க் கழியை நோக்கிப் போகிறது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் கழியில் படிந்திருக்கிறது. அந்த நீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும், சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் பலர். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஒரு பை, அதை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள். பிரயாசை நற்குணமல்ல என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வருமா? மாதச் சம்பளம் தவறாமல் வருகிறவன்தான் அரை விநாடி சும்மா இருப்பதைப் பற்றி யோசிக்க முடியும். பட்டாம்பூச்சி நீச்சலில் ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரான சஜன் பிரகாஷ் வளர்ந்தது நெய்வேலியில். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டரை 1 நிமிடம் 56.38 விநாடிகளில் நீந்தினார். அதுவும் நிலக்கரி ஊர்தான். வள்ளூரில் 1500 மெகாவாட் உற்பத்தியாகிறது. நீந்த நான் நகரத்துக்குப் போகிறேன்.

ஆனால் அந்தப் பெண்களைக் கவனித்தால், அவர்கள் நீரை அடிப்பதில்லை. கை சேற்றில் மெதுவாக, ஏறக்குறைய அசையாமல் ஊர்கிறது. அடித்தால் இறால் ஓடிவிடும். களைப்பு அவர்களுக்கு உண்டு, என்னுடையதைவிடப் பன்மடங்கு உண்டு. அதை யாரிடமும் ரசீதாக நீட்டுவதில்லை. அவர்களை என் வாதத்துக்குச் சாட்சியாக அழைப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. அழைத்துவிட்டேன்.

சென்ற ஞாயிறு திரும்பும்போது, கும்மிடிப்பூண்டி வண்டியில் எதிர் இருக்கையில் அந்த நண்பர். வெகு நாளாயிற்று பார்த்து.

"பையிலே என்னங்க, இப்படிச் சொட்டுது?" என்றார்.

சொன்னேன்.

"எவ்வளவு தூரம் போறீங்க?"

"பதினோரு வீச்சு. பன்னிரண்டாவதுலே கை வெளியே வராது."

"அப்புறம்?"

"நின்னுடுவேன். கால் எட்டும்."

சிரித்தார். மதிப்புரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எண்ணூர் போயிற்று, பாலம் போயிற்று. அத்திப்பட்டில் நான் இறங்கினேன். அவர் மீஞ்சூருக்குப் போகிறவர்.