பிறவி பிணியா, பேறா?

பிறப்பைப் பற்றித் தமிழ்ச் சமய மரபு இரண்டு விதமாகப் பேசுகிறது. அடியார்கள் பிறவியைக் கடல் என்றும் பிணி என்றும் சொல்லி, இனிப் பிறவாத வரம் கேட்டார்கள். அதே மரபில் பிரசவத்துக்கு மகப்பேறு என்று பெயர். திருக்குறளின் 7-ஆம் அதிகாரம் மக்கட்பேறு. பிறவாமை வேண்டும் சமயம் குழந்தை பிறப்பதை ஏன் பேறு என்கிறது? குழந்தையை யாராகக் கருதி வளர்ப்பது என்பது இதற்கான விடையில் அடங்கியிருப்பதால், தாய் தந்தையாகப் போகிறவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் செய்த சிவஞானபோதம் அதன் தலைநூல். பதி என்னும் இறைவன், பசு என்னும் உயிர், பாசம் என்னும் தளை ஆகிய மூன்றும் தொடக்கமற்றவை. உயிரை யாரும் படைப்பதில்லை. ஆணவம் என்ற அறியாமை இருளில் கிடக்கும் உயிர் வினையை நுகர்ந்து பக்குவம் அடைவதற்காக உடலும், மனம் முதலிய கருவிகளும், உலகும், நுகர்பொருளும் மாயை என்ற மூலப்பொருளிலிருந்து அதற்குத் தரப்படுகின்றன. ஆகவே பிறவி பிணியாக இருந்தாலும் அந்தப் பிணி தீரும் இடமும் அதுவே. பேறு என்ற சொல் பொருந்துவது இதனால்தான்.

இந்த நோக்கில் குழந்தை பெற்றோரின் உடைமை ஆகாது. அது தனக்கென்று நெடும்பயணம் உள்ள ஓர் உயிர். பெற்றோர் அதற்கு இடம் கொடுப்பவர்கள். உயிருக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. பிறந்தது பெண் என்று முகம் வாடுவதும், நிறம் பார்ப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் இந்தக் கொள்கைக்கு ஒவ்வாதவை.

கருவில் இருக்கும் காலமும் எளிதானதன்று. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில், கரு மாதந்தோறும் தப்பிவரும் இடர்களை வரிசையாகச் சொல்கிறார். பத்தாம் மாதத் துயரைத் தாயும் சேயும் சேர்ந்தே படுவதாக அவர் காண்கிறார். அந்தத் துயரில் துணை நிற்பது தெய்வச் செயல் என்பதைத் திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணம் காட்டுகிறது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர முடியாதபோது, பேறுகால வேதனையில் இருந்த இரத்தினாவதிக்குச் சிவபெருமானே தாய் வடிவில் வந்து உதவினார். அதனால் தாயுமானவர் ஆனார். இறைவனே ஏற்ற பணியைக் கணவன் ஏற்பதில் இழிவு எதுவும் இல்லை. வலியின்போது அருகில் இருப்பதும், இரவில் குழந்தையை வாங்கிக்கொண்டு மனைவியைத் தூங்கவிடுவதும், அழுக்குத் துணி துவைப்பதும் அவனுக்கும் உரிய கடமைகள்.

தீட்டு என்பதையும் இவ்வாறே பார்க்க வேண்டும். பிரசவித்தவள் வீட்டு வேலையிலிருந்து விலகி இருப்பது அவள் உடல் தேற உதவும். விலக்கு என்ற பெயரில் அவளைத் தனி அறையில் பேச்சுத்துணை இல்லாமல் விடுவது அறமாகாது. காரணமில்லாத அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைப் பரிகாரத்தால் தீர்க்க நினைக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைப்பது பல வீடுகளின் வழக்கம். ஆனால் குழந்தைக்கு முதல் உணவாக வேண்டியது சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கி, 6 மாதம் வரை அதை மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உயிர் பக்குவப்படுவதற்குக் கிடைத்த கருவி உடல் என்றால், அதைக் கெடாமல் காப்பதும் சமயக் கடமையே.

வளர்ப்பில் வேண்டிய பொறுமையை, தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடும் பிள்ளைத்தமிழ் கற்றுத்தருகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று தொடரும் பத்துப் பருவங்களில், தலை நிமிர்த்தி ஆடுவதும் கை கொட்டுவதும் தளர்நடை நடப்பதும் தனித்தனியே பாடப்படுகின்றன. தெய்வத்தைப் பாடும்போதும் புலவர்கள் எந்தப் பருவத்தையும் தாண்டிச் செல்லவில்லை. வீட்டுக் குழந்தைக்கும் அந்த அவகாசத்தைப் பெற்றோர் தர வேண்டும். பிறவியைப் பிணியாக்குவதும் பேறாக்குவதும் பெரும்பாலும் வந்த உயிரை வரவேற்கும் முறையில்தான் இருக்கிறது.