திருத்தம் என்னும் கடன்

‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்னும் இரண்டு சொற்கள் நமது பத்திரிகைகளில் எப்போதாவது தென்படுவதுண்டு. அவை பெரும்பாலும் உட்பக்கமொன்றின் அடியில், மரண அறிவித்தலுக்கும் காணி விற்பனை விளம்பரத்துக்கும் இடையில், சிற்றெழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும். தவறோ சில நாட்களுக்கு முன்னர் முதற் பக்கத்தில், பெருந் தலைப்புடன், படத்துடன் வந்திருக்கும். இந்த இட வேறுபாட்டை அச்சுக்கூடத்தின் வசதி பற்றிய விஷயமென்று எண்ணி நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். உண்மையில் அஃது ஓர் அறப் பிரச்சினையாகும்.

பொய்யாகப் பழிக்கப்பட்டவர் தனி மனிதராயின், திருத்தம் கோரும் உரிமை அவருக்கு உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் பழிக்கப்பட்டது ஒரு வியாபார நிலையமாயின்? ஒரு கடை, ஓர் ஆலை, ஒரு பெருங் கம்பெனி தன்னைப் பற்றி வந்த செய்தி பிழையென்று பத்திரிகையின் வாயிலில் வந்து நிற்குமாயின்? இவ்விடத்தில் முற்போக்காளராகிய நம்மில் பலரது முகம் மாறிவிடுகின்றது. ‘முதலாளிக்கு இரண்டு காசு நட்டம் வந்தால் நமக்கென்ன? அவன் செய்யாத குற்றத்தை எழுதிவிட்டார்களாம். செய்த குற்றங்களை யார் எழுதினார்கள்?’ என்று கேட்பவர்கள் நம்மிடையே உள்ளனர். இக்கேள்வியில் நியாயமான ஒரு கோபம் இருக்கின்றது. ஆயினும் கோபம் நியாயமானதாக இருப்பதனாலேயே அதிலிருந்து பெறும் முடிவும் நியாயமானதாகிவிடாது. இதனை நாம் சற்று நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

முதலில், வியாபாரம் என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட பொருள்கள் அடங்கியுள்ளன என்பதைக் காணல் வேண்டும். 2018 பெப்ரவரி 26 ஆந் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில் நிகழ்ந்ததை நம் நாட்டவர் மறந்திருக்க முடியாது. உணவில் தென்பட்ட ஒரு மாக்கட்டியை, சிங்கள மக்களின் இனவிருத்தியைத் தடுக்கக் கலந்த மலட்டு மாத்திரை என்றார்கள். கூட்டம் சூழ்ந்துகொண்டு விடை கேட்டது. கேட்ட மொழியில் போதிய பழக்கமில்லாத கடைக்காரர் அச்சத்தில் சொன்ன சொல்லும் அசைத்த தலையும் ஒப்புதல் வாக்குமூலமாகப் படம் பிடிக்கப்பட்டு நாடெங்கும் பரவின. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. உணவில் அத்தகைய மருந்து எதுவும் இல்லை, அது வெறும் மாப்பொருளே என்பது தெளிவாயிற்று. ஆனால் அதே மார்ச் மாதத்தில்தான் கண்டி மாவட்டத்தில் திகன முதலிய இடங்களில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தப் பொய்யை ஏற்றிச் சென்ற வாகனங்களுள் பேஸ்புக் முதன்மையானது. அவ்வன்முறையில் தனது தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

இங்கு ‘வியாபார நட்டம்’ என்பது என்ன? ஒரு குடும்பத்தின் அடுப்பு. அங்கே ரொட்டி போட்டவனின் நாட்கூலி. ஓர் இனத்தின் பாதுகாப்பு. ஒரு கடையைப் பற்றிய பொய்ச் செய்தி கடையோடு நின்றுவிடுவதில்லை. ஓர் ஆலையைப் பற்றிய பொய்யினால் அதன் கதவு மூடப்படுமாயின், முதலாளி வேறொரு தொழிலில் முதலிடுவான். தொழிலாளி வீட்டில் அன்றிரவே உலை ஏறாது. எனவே பொய்ச் செய்தியின் இறுதிச் செலவை யார் தாங்குகிறார்கள் என்று கேட்போமாயின், முதலாளியின் காசு பற்றிய கேலி நம் வாயிலிருந்து எளிதில் வராது.

இப்பிரச்சினை தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் ஒரு வணிகன்மீது சுமத்தப்பட்ட பொய்க் குற்றத்தின் கதையேயாகும். கோவலன் மதுரைக்கு வந்தது சிலம்பை விற்று அதனை முதலாகக் கொண்டு வாணிகம் செய்வதற்கே. தன் களவை மறைக்க விரும்பிய பொற்கொல்லன் சொன்ன செய்தியைப் பாண்டியன் விசாரியாது ஏற்றான். செய்தியைச் சரிபார்க்க ஒரு நாழிகை செலவிட்டிருந்தால் போதும்; அவ்வளவு நேரமும் அவனுக்கு இல்லை. இன்றைய செய்தி அறைகளுக்கும் அது இருப்பதில்லை.

கண்ணகி நீதி கேட்ட முறையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவள் அழுதாள், சினந்தாள் என்பது உண்மை. ஆயின் அரசவையில் வழக்கை வென்றது அவளது கண்ணீரன்று, சான்று. தன் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பின் பரல் முத்தென்பதை அரசன் தன் வாயாலேயே சொன்னான், சிலம்பு உடைபட்டது, மணி தெறித்தது. பாண்டியனிடத்தும் நாம் காண வேண்டிய ஒன்றுண்டு. அவன் தவற்றை மறைக்கவில்லை; அமைச்சனை அனுப்பித் தனியறையில் சமாதானம் பேசவில்லை; தீர்ப்பின் அதிகாரம் எந்த அரியணையிலிருந்து பிறந்ததோ அதிலிருந்தே, அவையறியத் தன் பிழையை ஏற்று உயிர்விட்டான். பிழை செய்த குரலே பிழையைத் திருத்தல் வேண்டும், பிழையைக் கேட்டவர்களே திருத்தத்தையும் கேட்டல் வேண்டும் என்னும் நெறி இதனுள் இருக்கின்றது. ஆயினும் கோவலன் மீளவில்லை, மதுரை எரிந்தது. காலந் தாழ்த்திய திருத்தத்தின் எல்லையையும் காப்பியம் மறைக்கவில்லை.

சிறு கடைக்காரனுக்கும் கோவலனுக்கும் இரங்குதல் எளிது. நம் அறவுணர்வுக்கு உண்மையான சோதனை, எதிரே நிற்பது ஒரு பெருங் கம்பெனியாக இருக்கும்போதே வருகின்றது. இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஏகபோக முதலாளித்துவத்தின் கோட்டையாகிய அமெரிக்காவில் நிகழ்ந்தவை.

ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனி 1973 முதல் 1987 வரை உற்பத்தி செய்த ஒருவகைச் சிறு பார வண்டிகளில் எரிபொருள் தாங்கி, வண்டியின் சட்டகத்துக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தது. பக்கத்தில் மோதினால் தீப்பற்றும் அபாயம் பற்றி அங்கு பலர் வழக்காடினர். 1992 நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சி இதனைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியில், வண்டி மோதலில் தீப்பற்றும் காட்சியைக் காட்டியது. ஆனால் தீ தவறாது பற்றுவதற்காக வண்டியின் அடியில் எரியூட்டும் கருவிகளைப் பொருத்தியிருந்ததைப் பார்ப்போருக்குச் சொல்லவில்லை. கம்பெனி இதனைக் கண்டறிந்து வழக்குத் தொடுத்தது. 1993 பெப்ரவரி 9 ஆந் திகதி, அதே நிகழ்ச்சியில் நிலையத்தார் மன்னிப்புக் கேட்டனர். செய்திப் பிரிவின் தலைவர் அடுத்த மாதம் பதவி விலகினார்.

கதை இத்துடன் முடியவில்லை. 1994 ஒக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர், அவ்வண்டிகளின் அமைப்பில் குறை உண்டென்றும், அதனால் ஏறத்தாழ 150 உயிர்கள் போயிருக்கலாமென்றும் அறிவித்தார். அவ்வாண்டின் இறுதியில் வண்டிகளைத் திருப்பியழைக்காமலே, பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5 கோடி டொலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்துக் கம்பெனி விவகாரத்தை முடித்துக்கொண்டது. ஆகவே செய்தியாளரின் ஐயம் அடிப்படையற்றதன்று. எனினும் மெய்யான ஒரு குற்றச்சாட்டுக்குப் பொய்யான ஒரு தீயைத் துணைக்கு அழைத்தமையால், குற்றஞ்சாட்டப்பட்டவன் குற்றஞ்சாட்டுபவனாக மாறினான். முதலாளிக்கு எதிராக எழுதப்படும் பொய் முதலாளிக்கே கிடைக்கும் கவசம் என்பதை நாம் இதனின்றும் அறிதல் வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி இதன் மறுபக்கம். சிகிற்றா என்னும் வாழைப்பழக் கம்பெனி, பழைய யுனைற்றட் புரூட் கம்பெனியின் வாரிசு. 1928 இல் கொலம்பியாவின் சியெனாகா நகரில் வேலைநிறுத்தஞ் செய்த வாழைத் தோட்டத் தொழிலாளரை இராணுவம் சுட்டுக் கொன்ற வரலாற்றோடு பிணைந்த பெயர் அது. 1998 மே 3 ஆந் திகதி ‘சின்சினாட்டி என்குவயரர்’ பத்திரிகை, தனது நகரிலேயே தலைமையகங் கொண்டிருந்த அக்கம்பெனியின் நடத்தையைப் பற்றி 18 பக்கங்களில் ஒரு தனிப் பகுதியை வெளியிட்டது. நிரூபர்களுள் ஒருவர் கம்பெனியின் குரல் அஞ்சல்களைச் சட்டவிரோதமாகக் கேட்டிருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. அது குற்றமே, அவரும் நீதிமன்றத்தில் அதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் பத்திரிகை செய்தது யாது? ஜூன் மாத இறுதியில் 1 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கம்பெனிக்குக் கொடுத்து, முதற் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, அக்கட்டுரைகள் முழுவதையும் கைவிட்டது. எந்த வாக்கியம் பொய், எந்த வாக்கியம் மெய் என்று வாசகனுக்குப் பிரித்துக் காட்டவில்லை.

பின்னர் வந்த ஆண்டுகளை நோக்குக. கொலம்பியாவில் ஆயுதந் தாங்கிய வலதுசாரிக் கொலைக் குழுவொன்றுக்கு 1997 முதல் 2004 வரை 17 இலட்சம் டொலர் வரையிற் கொடுத்ததாக, 2007 இல் அதே கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி 50 இலட்சம் டொலர் தண்டம் இறுத்தது. அக்குழுவினாற் கொல்லப்பட்ட எட்டுப் பேரின் குடும்பங்களுக்கு 3 கோடி 83 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டுமென 2024 ஜூனில் புளோரிடாவில் யூரிமார் தீர்ப்பளித்தனர். அப்பத்திரிகையின் பக்கங்கள் இதே விஷயத்தைச் சொல்லின என்று நாம் கூறவில்லை. பிழையைத் திருத்துவது வேறு, பேச்சை விலைக்கு வாங்குவது வேறு என்பதையே கூறுகிறோம். முன்னது வாசகனுக்கு ஓர் உண்மையைக் கொடுக்கின்றது. பின்னது அவனிடமிருந்து ஒரு கேள்வியைப் பறிக்கின்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கும்போது நமது கேள்விக்கு விடை கிடைக்கின்றது. திருத்தம் என்னும் கடன் யாருக்குரியது? கம்பெனிக்கா? அன்று. கம்பெனி அக்கடனை நினைவூட்ட வருவது மட்டுமே. கடன் வாசகனுக்குரியது. காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கி, அதனை நம்பி, அடுத்த வீட்டானுக்கும் சொன்னவன் அவனே. அவனிடம் பொய்யைக் கொடுத்த பத்திரிகை, கேட்டு வந்தவன் நல்லவனா கெட்டவனா, எளியவனா வலியவனா என்று பாராமல் உண்மையைக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது. கடன் வாசகனுக்குரியது என்பதனாலேயே, வாசகன் அறிய வேண்டிய உண்மையைத் திருத்தம் என்ற பெயரால் நீக்கும் உரிமை எந்தக் கம்பெனிக்கும் இல்லை.

திருத்தம் கேட்பதற்கும் ஒரு நேர்மை உண்டு. எந்தத் திகதியில், எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியம் பிழை, சரியானது எது, அதற்குச் சான்று எது: இம்மூன்றையும் எழுத்தில் வைப்பவன் கண்ணகியின் வழியில் நிற்கின்றான். ‘எங்கள் நற்பெயர் கெட்டது’ என்று மட்டும் சொல்பவன் சிலம்பை உடைக்க அஞ்சுகின்றான். செய்தியிலுள்ள விபரப் பிழையைத் திருத்தக் கேட்கலாம். அபிப்பிராயத்தைத் திருத்தக் கேட்கலாகாது. அபிப்பிராயத்துக்கு மறுப்புரை எழுத இடங் கேட்கலாம். விளம்பரத்தை நிறுத்துவோம் என்று ஆசிரியரின் மேசைமீது சொல்லாமற் சொல்வது, கேட்பதன்று, மிரட்டுவது.

ஆனால் கேட்கும் ஆற்றல் எல்லோருக்கும் சமமாக இல்லை. பெருங் கம்பெனிக்கு வழக்கறிஞர் உளர். விளம்பரப் பணம் உளது. பஸ் நிலையத்துத் தேநீர்க் கடைக்காரனுக்கு யார் உளர்? பல வேளைகளில் தன்னைப் பற்றி எழுதப்பட்ட மொழியே அவனுக்குத் தெரியாது. நம் நாட்டில் 1973 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தாற் பத்திரிகைப் பேரவை அமைந்தது. பத்திரிகைத் துறையினர் தாமே 2003 இல் பத்திரிகை முறைப்பாடுகள் ஆணைக்குழுவை நிறுவினர். வழக்கறிஞரின்றிக் கடிதமொன்றால் முறையிடக்கூடிய இத்தகைய வழிகளை எளியவர்க்கு எடுத்துச் சொல்வதும், அவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் எழுத்தறிந்த நமது கடமையாகும். அதே வேளையில், எது பொய் என்று தீர்மானிக்கும் வேலையை அரசின் கையில் முழுதாக ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கவும் முடியாது. 2024 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்க் கூற்றுக்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை சனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தபோது எழுந்த எதிர்ப்பு காரணமற்றதன்று. திருத்தம் தண்டனைக்கு அஞ்சிச் செய்யப்படுமாயின், பத்திரிகை பொய்யைக் கைவிடுவதற்கு முன்னர் துணிவைக் கைவிட்டுவிடும்.

இறுதியாக, நம்மை நாமே கேட்க வேண்டியது ஒன்றுண்டு. நம் கொள்கைப் பத்திரிகைகள் இதற்கு விலக்கா? ஒரு முதலாளியின் கொடுமையை எழுதும்போது, கூலித் தொகையையோ வேலை நீக்கப்பட்டோர் தொகையையோ சற்றுக் கூட்டி எழுதினால் போராட்டத்துக்கு வலுச் சேருமென்று எண்ணிய வேளைகள் இல்லையா? மெய்யான கூலியே போதிய அளவு குறைவாக இருக்கும்போது, அதனை இன்னுங் குறைத்துச் சொல்லத் தேவையென்ன? நமது பலம் உண்மை. பணமும் படையும் உள்ளவன் ஒரு பொய் பிடிபட்டாலும் நின்றுகொள்வான். உண்மையை மட்டும் நம்பி நிற்பவன் ஒரு பொய்யினால் விழுந்துவிடுவான்.

வகுப்பறையில் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் ஆண்டைப் பிழையாக எழுதிவிடுகின்றார். கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் எழுந்து சுட்டிக் காட்டுகின்றான். அவன் குழப்படிக்காரனாக இருக்கலாம். நேற்று வீட்டுப் பாடம் செய்யாதவனாகவும் இருக்கலாம். அதற்காக அந்த ஆண்டு சரியாகிவிடுவதில்லை. நல்லாசிரியர் அவனைத் தனியே அழைத்துக் காதிற் சொல்லமாட்டார். முழு வகுப்பும் பார்த்திருக்க, பிழை எழுதிய அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் அழித்து எழுதுவார். பத்திரிகைகளிடம் நாம் கேட்பது இதனினும் அதிகமான எதுவுமன்று.