கூலியும் பேரும்

கூலி என்பது பழந்தமிழ்ச் சொல். உழைப்புக்கு ஈடாக வரும் பயனை அது குறிக்கும். ஆள்வினையுடைமை அதிகாரத்து 619ஆம் குறளில், மெய்வருந்தி முயல்வதன் பயனை வள்ளுவர் கூலி என்றே சுட்டுகின்றார். அங்கு இழிவின் சாயல் சிறிதும் இல்லை. கேகாலை இறப்பர்த் தோட்டங்களை அடுத்து வாழும் சிங்களக் கிராமத்தவரும் வீட்டு வாடகையைக் 'கெவல் குலிய' என்பர்.

ஆங்கிலத்தில் வழங்கியபோதோ கூலி மனிதனாயிற்று. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட சொற்களஞ்சியம் குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயர், தமிழ்க் கூலி என்னும் இரண்டையும் மூலங்களாக ஆராய்கிறது. இரண்டும் கலந்திருத்தல் கூடும். தமிழர் 'கூலியாள்' என்றனர். வாங்குவதை ஒரு சொல்லும் வாங்குபவனை ஒரு சொல்லும் குறித்தன. ஆங்கில வழக்கில் 'ஆள்' மறைந்தான். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் இந்தியத் தோட்டத் தொழிலாளரை அப்பெயராலேயே அடையாளங் கண்டது. இதனை ஆகுபெயர் என இலக்கணிகள் அமைத்துவிடலாம். இலக்கணத்தில் வழுவற்றது அறத்திலும் வழுவற்றதாகுமா?

சப்பிரகமுவத் தோட்டங்களில் இதற்கு நேர்மாறான வழக்கொன்றும் உண்டு. நாட்சம்பளத்தைத் தொழிலாளர் 'பேர்' என்பர். செக்ரோலில் பெயருக்கு நேரே விழும் குறியே அன்றைய வருவாய். இரத்தினபுரி மலையொன்றில் காலைப் பெரட்டுக்கு வந்து, மழையில் நாள் முழுவதும் நின்று பறித்தவளின் கொழுந்து நிறையிற் குறைந்தால், அவளுக்கு அரைப்பேர். நடந்த தூரமும் நனைந்த உடலும் அரையாவதில்லை.

இது வெறுங் கணக்கு வழக்கு என்பாரும் உளர். அது முழுமையன்று. துரைமாரின் சொல்லில் மனிதன் கூலிக்குள் மறைந்தான். தொழிலாளியின் சொல்லிலோ பெயரைச் சொல்லாமற் கூலியைச் சொல்ல இயலாது. 'இன்று அரைப்பேர்தான்' என்பவள் பணத்தை மட்டுமா சொல்கிறாள்? தன்னிற் பாதி எண்ணப்படவில்லை என்னும் முறைப்பாடும் அதில் உண்டு.

கூலி என விளித்தல் இன்று நாகரிகமன்று, தொழிலாளர் என்கிறோம். நல்லதே. ஆனால் 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின், பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதாகவும், அதனை எட்டாதோருக்கு அரைப்பேரே விழுவதாகவும் தோட்டங்களிலிருந்து முறைப்பாடுகள் எழுந்தன.